அப்பாவுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய்: மலையகக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கண்டிக்குக் கிளினிக் செல்லும் நோயாளர்களுக்குத் துணையாகச் சென்று, வைத்தியர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலையைச் சில காலமாகச் செய்து வருகிறேன். ஹட்டனிலிருந்து வந்தவர்களும் வெலிமடையிலிருந்து வந்தவர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்டார்கள். நான் வைத்தியர் அல்ல. வைத்தியர்கள் சொல்லக் கேட்டவற்றையும், படித்துச் சரிபார்த்துக்கொண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் அப்பாவின் நிலையைப் பற்றி முடிவாகச் சொல்ல வேண்டியவர் அவரைப் பரிசோதித்த வைத்தியரே.

புரொஸ்டேட் உடம்பில் எங்கே இருக்கிறது? அது கிட்னியோடு சேர்ந்ததா?

இல்லை. சிறுநீரகங்கள் முதுகுப் பக்கத்தில் விலாவை ஒட்டி இருக்கின்றன. புரொஸ்டேட் சுரப்பியோ அடிவயிற்றில், சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. சிறுநீர் வெளியேறும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே செல்கிறது. விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பதே இதன் வேலை. ஆகவே இது ஆண்களுக்கு மட்டுமே உண்டு.

இந்த இட அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விடயங்கள் எளிதில் விளங்கும். சுரப்பி பெருத்தால் சிறுநீர் தடைப்படுவதும், வைத்தியர் மலவாசல் வழியாக விரலை விட்டுப் பரிசோதிப்பதும், கதிர்ச்சிகிச்சையின்போது மலக்குடல் எரிவதும் இந்த நெருக்கத்தினால்தான்.

அப்பா இரவில் நாலைந்து முறை எழுந்து போகிறார். புற்றுநோயாகத்தான் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களுக்குப் புரொஸ்டேட் சாதாரணமாகவே பெருக்கத் தொடங்குகிறது. அது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. அடிக்கடி போவது, சொட்டுச் சொட்டாக வருவது, முக்கினால்தான் வருவது ஆகியவை பெரும்பாலும் அந்த வீக்கத்தின் அறிகுறிகளே. நீரிழிவு, மலைக்குளிர், படுக்கப் போகும் நேரத்தில் குடிக்கும் பிளேன்டீ ஆகியவையும் இரவில் எழுப்பக்கூடியவை.

ஆனால், புற்றுநோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியையும் காட்டாமல் இருக்கக்கூடியது என்பதால், "வயதானால் இப்படித்தான்" என்று விட்டுவிடவும் கூடாது. சிறுநீரில் இரத்தம், தீராத இடுப்பு வலி, காரணமில்லாத மெலிவு ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். இன்னொன்று: தடிமனுக்காகத் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ கடையிலோ வாங்கும் பிரிட்டோன் போன்ற மாத்திரைகள், புரொஸ்டேட் பெருத்தவர்களுக்குச் சிறுநீரை முற்றாக அடைத்துவிடக்கூடும். அப்படி அடைத்தால் வீட்டில் வைத்துப் பார்க்க எதுவும் இல்லை. உடனே வைத்தியசாலைக்குச் சென்று குழாய் போட வேண்டும்.

பி.எஸ்.ஏ. 18 என்று வந்திருக்கிறது. 4க்குள் இருக்க வேண்டுமாம். அப்படியானால் புற்றுநோய் உறுதிதானே?

உறுதியில்லை. பி.எஸ்.ஏ. என்பது புரொஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். புற்றுநோயில் அது இரத்தத்தில் கூடும். சாதாரண வீக்கத்திலும், சிறுநீர்த் தொற்றிலும், குழாய் போட்ட பின்னரும் கூடும். ஆகவேதான் தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்தி, சில வாரங்கள் கழித்து மீண்டும் இரத்தம் எடுக்கிறார்கள். மறுபக்கம், வீக்கத்துக்காக பினாஸ்டரைட் மாத்திரையை மாதக்கணக்கில் குடிப்பவருக்கு பி.எஸ்.ஏ. பாதியளவாகக் குறைந்து காட்டும். அப்பா என்னென்ன மாத்திரை குடிக்கிறார் என்பதை வெற்று அட்டைகளோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எண் உயர உயரச் சந்தேகம் வலுக்கிறது என்பது உண்மை. 100ஐத் தாண்டியிருந்தால் புற்றுநோய் பரவியிருக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் 18 என்பது மேலும் பரிசோதிக்கச் சொல்லும் எண் மட்டுமே.

ஊசியால் குத்தி சதை எடுத்தால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும் என்கிறார்களே?

இந்த அச்சத்தால் பயொப்சிக்குத் திகதி கொடுத்த நாளில் வராமல் நின்றுவிடுபவர்கள் பலர். புரொஸ்டேட் பயொப்சியால் நோய் பரவுவதாகக் காட்டும் சான்று இல்லை. இந்தப் பேச்சு ஏன் நிலைக்கிறது என்பதை ஊகிக்கலாம்: நம் ஊர்களில் பலர் நோய் முற்றிய பின்னரே பயொப்சிக்குப் போகிறார்கள், பின்னர் வரும் சரிவுக்கு ஊசியே காரணம் என்று தோன்றிவிடுகிறது.

ஸ்கேன் கருவியின் உதவியோடு மலக்குடல் வழியாகவோ, மலவாசலுக்கும் விதைப்பைக்கும் இடையிலான தோல் வழியாகவோ வழக்கமாக 10 அல்லது 12 சிறு துண்டுகள் எடுக்கப்படும். சில நாட்கள் சிறுநீரிலும், சில வாரங்கள் விந்திலும் இரத்தம் கலந்து வருவது வழமை. உண்மையில் அஞ்ச வேண்டியது தொற்றுக்கே. பயொப்சிக்குப் பின் குளிர்காய்ச்சல் வந்தால் அன்றிரவே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்; விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை அப்பா குடிப்பவரானால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்டில் கிளீசன் 3+4=7 என்று இருக்கிறது. பத்துக்கு ஏழு என்றால் மோசமா?

பரீட்சைப் புள்ளி போல அதை வாசிக்கக் கூடாது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது, கலங்கள் இயல்பான அமைப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதற்கு இந்த எண்கள் கொடுக்கப்படுகின்றன. நடைமுறையில் மிகக் குறைந்த கூட்டுத்தொகை 6. அது மெதுவாக வளரும் வகை. 8, 9, 10 ஆகியவை வேகமாக வளரும் வகைகள். 7 இடையில் நிற்கிறது.

அந்த 7இலும் வேறுபாடு உண்டு. முதலில் எழுதப்படும் எண்ணே அதிகமாகக் காணப்படும் வகையைக் குறிக்கிறது. ஆகவே 3+4 என்பது 4+3ஐ விடச் சாதகமானது. இப்போது பல ரிப்போர்ட்களில் 1 முதல் 5 வரையான தரப்பிரிவும் எழுதப்படுகிறது: கிளீசன் 6 என்றால் 1, 3+4 என்றால் 2, 4+3 என்றால் 3, 8 என்றால் 4, 9உம் 10உம் 5. "கிரேட் 2" என்பதை "இரண்டாம் ஸ்டேஜ்" என்று விளங்கிக்கொள்ள வேண்டாம், இரண்டும் வெவ்வேறு.

அப்படியானால் ஸ்டேஜ் என்பது எப்படித் தெரியும்? எத்தனை ஸ்கேன் எடுக்க வேண்டும்?

நோய் சுரப்பிக்குள்ளேயே நிற்கிறதா, சுரப்பியின் ஓரத்தைத் தாண்டிவிட்டதா, நிணநீர் முடிச்சுகளுக்கோ எலும்புகளுக்கோ சென்றுவிட்டதா என்பதே ஸ்டேஜ். எம்.ஆர்.ஐ. சுரப்பியையும் சுற்றுப்புறத்தையும் காட்டும், சீ.டி. நிணநீர் முடிச்சுகளைக் காட்டும். எலும்பு ஸ்கேன் எலும்புகளைக் காட்டும். எல்லோருக்கும் எல்லாம் தேவைப்படுவதில்லை. பி.எஸ்.ஏ.யும் கிளீசனும் குறைவாக இருந்தால் எலும்பு ஸ்கேனை வைத்தியரே தவிர்த்துவிடலாம். அது அலட்சியம் அல்ல.

எலும்பு ஸ்கேன் அணுமருத்துவப் பிரிவுகளில் மட்டுமே எடுக்கப்படுகிறது. மலையகத்தவருக்கு அண்மையில் உள்ளவற்றில் ஒன்று பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் பிரிவு. ஊசி போட்டபின் படம் எடுப்பதற்கு இரண்டு மூன்று மணித்தியாலங்கள் காத்திருக்க வேண்டும் என்பதால், அன்றே ஊர் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு புறப்படுங்கள்.

அப்பாவிடம் சொல்லலாமா? கேட்டால் மனம் உடைந்துவிடுவார் என்று அம்மா அழுகிறார்.

என் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்: சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில் கையொப்பமிட வேண்டியவர் அவரே. "வீக்கத்துக்கு மருந்து" என்று நீங்கள் சொல்லி அழைத்துச் செல்லும் மனிதர், புற்றுநோய்ப் பிரிவு என்று மும்மொழியிலும் எழுதிய பலகையின் கீழே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் இருப்பவர் "உங்களுக்கு எந்த இடத்தில்?" என்று கேட்கிறார். புற்றுநோய் வைத்தியசாலை உள்ள மஹரகமவுக்கு அனுப்பப்பட்டால் ஊரின் பெயரே போதும். அதற்கு என்ன அர்த்தம் என்று இந்நாட்டில் தெரியாதவர் இல்லை. பெரும்பாலான அப்பாக்களுக்கு விடயம் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளின் முகத்துக்காகத் தெரியாதவர்போல் இருக்கிறார்கள். இரு பக்கமும் நடிப்பதில் இழக்கப்படுவது, அவர் தன் விருப்பத்தைச் சொல்லும் வாய்ப்பு.

எப்போது சொல்வது என்பதில் கவனம் தேவை. பி.எஸ்.ஏ. மட்டும் வந்திருக்கும்போது "கேன்சராம்" என்று சொல்வது அவசரம். பயொப்சி முடிவும் ஸ்டேஜும் கையில் கிடைத்த பிறகு, எந்த வகை, என்ன செய்யலாம் என்பதோடு சேர்த்துச் சொன்னால் அவர் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். பஸ்ஸில் சொல்ல வேண்டாம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) சுவருக்கு அந்தப்பக்கம் காது இருக்கிறது என்றால், மாலையில் தோட்டப் பாதையில் நடந்துகொண்டே சொல்லுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எத்தனை வருடம் என்று அவர் கேட்காதவரை அந்தக் கணக்கைத் தொட வேண்டாம்.

தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பதால் ஊருக்குத் தெரியக் கூடாது என்று மறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஊரிடம் மறைப்பது உங்கள் குடும்பத்தின் விருப்பம். நோயாளியிடமே மறைப்பது வேறு விடயம். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

வைத்தியர் "இப்போது ஒன்றும் செய்யத் தேவையில்லை, தொடர்ந்து வாருங்கள்" என்கிறார். கைவிட்டுவிட்டாரா?

கிளீசன் 6 போன்ற மெதுவான வகை, சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது, தொடர் கண்காணிப்பே சிகிச்சைத் திட்டமாகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., தேவையான இடைவெளியில் எம்.ஆர்.ஐ. அல்லது மறு பயொப்சி என்று பார்த்துக்கொண்டே வந்து, நோய் வேகம் கொள்வதற்கான அடையாளம் தெரிந்தால் அப்போது குணப்படுத்தும் சிகிச்சையில் இறங்குவார்கள். பிரித்தானியாவில் 50 முதல் 69 வயதுக்கு இடைப்பட்ட 1,643 பேரைக் கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை என்று மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வின் 15 வருட முடிவு 2023இல் வெளியானது. மூன்று பிரிவிலும் புரொஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 100க்கு 3 பேர் அளவிலேயே இருந்தார்கள்.

இதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பி.எஸ்.ஏ. பரிசோதனையால் முன்கூட்டியே கண்டறியப்பட்டவர்கள். சிறுநீர் அடைத்தபின் அல்லது இடுப்பு வலி வந்தபின் கண்டறியப்படும் நம் அப்பாக்கள் பலருக்கு அந்த எண் பொருந்தாது. மேலும், கண்காணிப்பு என்பது கிளினிக் திகதியைத் தவறவிடாதவருக்கே பாதுகாப்பானது. ஒருநாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும் என்பதற்காகத் துணைக்கு வரும் மகன் திகதிகளைத் தள்ளிக்கொண்டே போவாரானால், அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லி வேறு திட்டம் கேட்பது நல்லது.

ஒப்பரேஷனா, கரண்ட் பிடிப்பதா? எது நல்லது?

நோய் சுரப்பிக்குள்ளே அல்லது அதன் அருகிலேயே இருக்கும்போதுதான் இந்தக் கேள்வி எழுகிறது. பொருத்தமானவருக்கு இரண்டுமே குணப்படுத்தும் நோக்கமுள்ள சிகிச்சைகள். (கரண்ட் பிடிப்பது என்று நம்மவர்கள் சொல்வது கதிர்ச்சிகிச்சையை, அதில் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை.) சத்திரசிகிச்சையில் சுரப்பி முழுவதும் அகற்றப்படும். ஓரளவு உடற்பலம் உள்ளவருக்கும், இன்னும் பத்து வருடமாவது வாழ்வார் என்று எதிர்பார்க்கப்படுபவருக்கும் அது உகந்தது. இதய நோயோ மூச்சுத் தொல்லையோ உள்ளவருக்கும் மயக்க மருந்து தாங்காதவருக்கும் கதிர்ச்சிகிச்சை உகந்ததாக இருக்கும். சிறுநீர் ஏற்கெனவே மிகவும் தடைப்படுபவருக்குக் கதிர் அந்தத் தடையைக் கூட்டலாம் என்பதால், வைத்தியர் சத்திரசிகிச்சைப் பக்கம் சாயலாம். அறுத்த பிறகு நோய் திரும்பினால் கதிர் கொடுக்க முடியும். கதிர் கொடுத்த இடத்தை அறுப்பது மிகவும் கடினம். இளம் நோயாளர்களுக்கு இந்தக் காரணமும் கணக்கில் வரும்.

மருத்துவக் காரணங்கள் சமமாக நிற்கும்போது வீட்டின் நிலை தீர்மானிக்கட்டும். கதிர்ச்சிகிச்சைக்காக நாலு வாரமோ அதற்கு மேலோ கண்டியில் தங்க முடியுமா? கழிப்பறை லயத்துக்கு வெளியே எத்தனை படி இறங்கி இருக்கிறது? பகலில் அம்மா கொழுந்து எடுக்கப் போய்விட்டால் அப்பாவுடன் யார் இருப்பார்? இவற்றைக் கேட்க வைத்தியருக்கு நேரம் இருக்காது. நீங்களே சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் நிபுணர் இருவரையும் பார்த்துவிட்டு முடிவெடுக்க விரும்புகிறோம் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. புரொஸ்டேட் புற்றுநோயில் பெரும்பாலும் சில வாரங்கள் யோசிப்பதற்கு இடம் உண்டு.

ஒப்பரேஷனுக்குப் பிறகு சிறுநீர் தானாகப் போய்க்கொண்டே இருக்குமாமே?

தொடக்கத்தில் பெரும்பாலானோருக்குக் கசியும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்வரை குழாய் இருக்கும். அதை எடுத்தபின் இருமும்போதும் படி ஏறும்போதும் கசிவது சில மாதங்களில் படிப்படியாகக் குறைகிறது. முழுக் கட்டுப்பாடு வர ஒரு வருடம்கூட எடுக்கலாம். சிலருக்கு ஓரளவு கசிவு நிலைத்துவிடும். சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதற்கு இறுக்கும் அதே தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, சத்திரசிகிச்சைக்கு முன்பே கற்றுக்கொள்வது உதவும். பயிற்சியைச் சிறுநீர் கழிக்கும்போது செய்ய வேண்டாம்.

குழாய் இருக்கும் நாட்களில் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். மலைப்பாதையில் வானில் வரும்போது பையை மடியில் தூக்கி வைத்தால் சிறுநீர் திரும்பிச் செல்லும். இரவில் மழையில் வெளிக் கழிப்பறைக்கு இறங்காமலிருக்கக் கட்டிலுக்குக் கீழே ஒரு மூடியுள்ள போத்தல் வைத்துவிடுங்கள். ஆணுறுப்பின் விறைப்பு குறைவது இந்தச் சத்திரசிகிச்சையின் மற்றொரு விளைவு. அருகில் செல்லும் நரம்புகளைக் காக்க முடிந்தாலும் அது மீள மாதங்கள் எடுக்கும், மீளாமலும் போகலாம். பிள்ளைகள் இதைக் கேட்க மாட்டார்கள், அப்பாவும் பிள்ளைகளுக்கு முன்னால் கேட்க மாட்டார். எனவே ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே சென்று, அவர் வைத்தியரோடு தனியாகப் பேச இடம் கொடுங்கள். அம்மாவும் உடனிருக்க விரும்பினால் இன்னும் நல்லது.

கதிர்ச்சிகிச்சைக்கு எத்தனை நாள் போக வேண்டும்? வந்தபிறகு பேரப்பிள்ளைகளைத் தூக்கலாமா?

திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் ஒருமுறை. திட்டத்தைப் பொறுத்து 20 முறை, ஏறத்தாழ நாலு வாரம். அல்லது 35க்கு மேற்பட்ட முறைகள், ஏழெட்டு வாரம். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் கீழே படுத்திருப்பது சில நிமிடங்களே, வலி இல்லை. மலையகத்தவர் பெரும்பாலும் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ அனுப்பப்படுகிறார்கள். பதுளைப் பக்கத்தவர் முதலில் பதுளைப் புற்றுநோய்ப் பிரிவில் விசாரிக்க வேண்டும்.

நாளாந்தம் நுவரெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ போய்வருவது நடைமுறையில் இயலாது. சிறுநீர்ப்பை நிரம்பியும் மலக்குடல் வெறுமையாகவும் இருக்கும் நிலையில் கதிர் கொடுக்கப்படுகிறது. குலுங்கும் பஸ்ஸில் நாலு மணித்தியாலம் வந்தவரால் அது முடியாது. மழைக்காலத்தில் மண்சரிவு விழுந்து பாதை அடைபட்டால் நாட்களும் தவறும். தங்குவதற்கு உறவினர் வீடு இல்லையென்றால், திகதி கொடுக்கும்போதே வார்டில் வைத்திருக்க முடியுமா, அருகில் நோயாளர் தங்குமிடம் உண்டா என்று கேளுங்கள். இடையில் சிறுநீர் எரிவு, அடிக்கடி மலம், களைப்பு ஆகியவை வரும். முடிந்து சில வாரங்களில் தணியும். மாதங்கள் கழித்து மலத்தோடு இரத்தம் வந்தால் மூலம் என்று எண்ணிவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து கொடுக்கப்படும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. புற்றுநோயும் தொற்றாது, தட்டையும் கோப்பையையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை.

விதையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். அப்பா "செத்தாலும் சம்மதிக்க மாட்டேன்" என்கிறார். வேறு வழி இல்லையா?

இருக்கிறது. புரொஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹோர்மோனைத் தின்று வளர்கிறது. அந்த ஹோர்மோனின் பெரும்பகுதி விதைகளில் சுரக்கிறது. அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்பதை சார்ள்ஸ் ஹகின்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1941இல் காட்டினார்; அதற்காக அவருக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறுத்துவதற்கு இரண்டு வழிகள்: மாதத்துக்கு ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, அல்லது விதைகளை அகற்றும் சிறு சத்திரசிகிச்சை. நோயை அடக்குவதில் இரண்டும் ஒரே பலனைத் தருகின்றன.

ஊசியின் சாதகம், நிறுத்தினால் ஹோர்மோன் மீளக்கூடும் என்பது. ஊசி தொடங்கும்போது ஹோர்மோன் சில நாட்கள் கூடிப் பின்னரே குறையும் என்பதால், முன்னும் பின்னும் சில வாரங்களுக்கு பைகலூட்டமைட் மாத்திரை தருவார்கள். அதை விட்டுவிடக் கூடாது. பாதகம், ஊசியைத் திகதி தவறாமல் போட வேண்டும், வைத்தியசாலையில் இல்லாத வேளையில் வெளியே வாங்க வேண்டும், அதன் விலையும் அதிகம். 2022இன் நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடு நாட்டுக்கே எவ்வளவு பெரிய சோதனையாக இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். சத்திரசிகிச்சை ஒரே தடவையில் முடிகிறது. ஹோர்மோன் ஒரு நாளுக்குள் விழுந்துவிடும். விதைப்பை அப்படியே இருப்பதால் உடுத்திய நிலையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் மீள வழியில்லை.

அப்பாவின் மறுப்பைப் பிடிவாதம் என்று தள்ள வேண்டாம். ஊசி போட்டாலும் ஆசையும் விறைப்பும் குறையும் என்பதை அவரிடம் சொல்லாமல், "ஊசிதான், ஒன்றும் ஆகாது" என்று சம்மதிக்க வைப்பதும் நியாயமில்லை. இரண்டையும் உள்ளபடி சொல்லி, அவர் எதைத் தேர்ந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதலில் சில காலம் ஊசி போட்டுப் பார்த்து, பின்னர் தாமாகவே சத்திரசிகிச்சையைக் கேட்பவர்களும் உண்டு.

ஊசி போட்டதிலிருந்து அப்பா குளிரிலும் வியர்க்கிறார், சின்ன விடயத்துக்கும் அழுகிறார். என்ன ஆயிற்று?

மேலே சொன்ன ஹோர்மோன் குறைவின் விளைவு இது. மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு வரும் அதே உடற்சூடு. அம்மாவுக்கு இது உடனே விளங்கும். மனச்சோர்வும் இதனால் வரலாம். அது நீடித்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். நாளடைவில் தசை குறைந்து வயிறு பெருக்கும், எலும்பு மெலியும், சீனி வருத்தம் கூடும். தினமும் நடப்பது, பாரம் குறைந்த வேலைகளைச் செய்ய விடுவது, பால், நெத்தலி, கீரை ஆகியவற்றைச் சேர்ப்பது, புகைப்பதையும் சாராயத்தையும் நிறுத்துவது ஆகியவை பயன் தரும். "நோயாளி" என்று ஸ்தோப்பில் உட்கார வைத்துவிடுவதே பெரிய கெடுதல்.

எலும்புக்குப் போய்விட்டது என்கிறார்கள். இனி எல்லாம் முடிந்ததா?

முழுமையாகக் குணப்படுத்தும் கட்டம் கடந்துவிட்டது. ஆனால் கட்டுப்படுத்தும் சிகிச்சை இருக்கிறது. பல வருடங்கள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஹோர்மோன் சிகிச்சையோடு அபிரடெரோன் மாத்திரையையோ, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் டொசிடாக்சல் மருந்தையோ தொடக்கத்திலேயே சேர்த்தால், பொருத்தமானவர்களின் ஆயுள் கூடுகிறது. அபிரடெரோனை வெறும் வயிற்றிலும், கூடவே தரப்படும் பிரெட்னிசொலோனைச் சாப்பாட்டோடும் எடுக்க வேண்டும். வலிக்கும் எலும்புக்கு ஒரே ஒரு முறை கொடுக்கும் கதிர்கூட வலியைக் குறைக்கும்.

ஒன்றை மட்டும் வீட்டிலுள்ள அனைவரும் தெரிந்திருக்க வேண்டும். முதுகு வலியோடு கால்கள் பலவீனமாவது, இடுப்புக்குக் கீழே மரப்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை இழப்பது ஆகியவை முள்ளந்தண்டு நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறிகள். மணித்தியாலங்கள் தாமதித்தாலும் நடக்கும் சக்தி திரும்பாமல் போகலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், வண்டி எதுவரை ஏற முடியும் என்பதையும் சொல்லுங்கள். அதுவரை அவரை நேராகப் படுக்க வையுங்கள். தூக்கி நிறுத்தி நடக்கவைத்துப் பார்க்க வேண்டாம்.

மோர்பின் கொடுக்கிறார்கள். அது கடைசி நேரத்துக்கான மருந்தல்லவா? பழகிவிடாதா?

வலி எவ்வளவு என்பதைப் பார்த்தே அது கொடுக்கப்படுகிறது; ஆயுள் எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்தல்ல. வைத்தியர் சொன்ன அளவில் புற்றுநோய் வலிக்குக் குடிப்பவர் அதற்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள். வலி வந்த பிறகு குடிப்பதைவிட, சொன்ன நேரத்துக்குக் குடிப்பதே பலன் தரும்.

அப்பாவுக்கு வயது எழுபத்தெட்டு. "இந்த வயதில் எதற்கு வைத்தியம், நிம்மதியாக இருக்கட்டும்" என்று மாமா சொல்கிறார்.

மாமா சொல்வதில் பாதி சரி. முதிய வயதில், மெதுவான வகை நோய் இருந்து, இதயமும் நுரையீரலும் பலவீனமாக இருந்தால், சத்திரசிகிச்சையோ கதிரோ இல்லாமல் அறிகுறிகளை மட்டும் பார்த்துக்கொள்வதை வைத்தியர்களே பரிந்துரைப்பார்கள். ஆனால் அதை வகையையும் ஸ்டேஜையும் அறிந்தபின் வைத்தியரும் அப்பாவும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். சிறுநீர் அடைப்பும் எலும்பு வலியும் உள்ளவரை வைத்தியமின்றி விடுவதில் எந்த நிம்மதியும் இல்லை.

அன்னமுன்னா இலைக் கசாயம் குடித்தால் கேன்சர் கரையுமாம். கொடுக்கலாமா?

மனிதர்களில் அது புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபிக்கப்படவில்லை. நீண்டகாலம் அதிகமாகக் குடித்தால் நரம்புகளைப் பாதிக்கலாம் என்ற ஐயமும் இருக்கிறது. வைத்தியசாலை மருந்தை நிறுத்திவிட்டு இதைக் கொடுப்பதே மிகப் பெரிய ஆபத்து. கோயில் நேர்த்தி, விபூதி, விரதம் ஆகியவை அவருக்குத் தைரியம் தருமானால் தாராளமாகச் செய்யுங்கள். விரத நாளிலும் மாத்திரைகளைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கு என்ன செய்வது? எங்களுக்குச் சிங்களமும் சரியாகத் தெரியாது.

அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, வார்டு எல்லாம் இலவசம். பணம் கரைவது போக்குவரத்திலும், துணைக்கு வருபவரின் சம்பள இழப்பிலும், சில வேளை வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேனிலும், கையிருப்பில் இல்லாத மருந்திலும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகத்தின் ஊடாக விண்ணப்பிக்கலாம். குறைந்த வருமானமுள்ள புற்றுநோயாளர்களுக்கான மாதாந்த உதவி பற்றி அங்குள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். கிராம சேவகரின் அத்தாட்சியும் வைத்தியரின் கடிதமும் கேட்கப்படும் என்பதால், டயக்னோசிஸ் கார்ட், பயொப்சி ரிப்போர்ட், கிளினிக் கொப்பி எல்லாவற்றுக்கும் போட்டோ பிரதி எடுத்து ஒரே கோவையில் வையுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே விண்ணப்பிப்பது முக்கியம்.

மொழியைப் பொறுத்தவரை, சிங்களம் தெரிந்த ஒரே ஆளை எல்லாத் தடவையும் அழைத்துச் செல்லுங்கள். ஆள் மாறினால் கதை மாறுகிறது. முடியாவிட்டால் தமிழ் தெரிந்த தாதியரோ வைத்தியரோ இருக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். போகுமுன் மூன்று கேள்விகளைத் துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வகை, எதுவரை பரவியிருக்கிறது, இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா கட்டுப்படுத்துவதா.

மகன்களாகிய எங்களுக்கும் வருமா?

தந்தைக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்தால் மற்றவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு வாய்ப்பு உண்டு. 45 வயதளவில் பி.எஸ்.ஏ. பார்ப்பது பற்றி வைத்தியரிடம் பேசுங்கள். குடும்பத்தில் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயோ சூலகப் புற்றுநோயோ இருந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் சில பரம்பரை மாற்றங்கள் இந்த மூன்றுக்கும் பொதுவானவை. அப்படியானால் மகள்களுக்கும் இந்தப் பேச்சில் பங்கு உண்டு.

சிகிச்சை முடிந்து பி.எஸ்.ஏ. மறுபடியும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. திரும்பி வந்துவிட்டதா?

முன்பு சொன்ன 4 என்ற எல்லையை இப்போது மறந்துவிட வேண்டும். சுரப்பியை அகற்றியவருக்கு பி.எஸ்.ஏ. அநேகமாக இல்லாத அளவுக்கு விழ வேண்டும், 0.2 ஆகி மேலும் ஏறினால் நோய் திரும்பியதாகக் கருதி ஆராய்வார்கள், தேவைப்பட்டால் கதிர் கொடுப்பார்கள். கதிர்ச்சிகிச்சை பெற்றவருக்குச் சுரப்பி உள்ளேயே இருப்பதால் சற்று ஏறி இறங்கலாம். விழுந்த மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் திரும்பியதாகக் கொள்வார்கள். ஆகவே ஒரு எண்ணைப் பார்த்துக் கலங்காமல், எல்லா எண்களையும் திகதியோடு ஒரு தாளில் வரிசையாக எழுதி வையுங்கள். ஏறும் வேகத்தையே வைத்தியர் பார்க்கிறார். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுங்கள்.

பி.எஸ்.ஏ. 0.1க்கு வந்துவிட்டது, அப்பாவும் நன்றாக நடக்கிறார். இனி ஊசியை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. அந்த எண்ணை அப்படி வைத்திருப்பது ஊசியாக இருக்கலாம். கதிர்ச்சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதானால் அதற்கு ஒரு முடிவுத் திகதி இருக்கும். நோயின் தன்மையைப் பொறுத்து அது ஆறு மாதமாகவோ இரண்டு மூன்று வருடமாகவோ இருக்கலாம். பரவிய நோய்க்குக் கொடுக்கப்படுவதானால் பொதுவாகத் தொடர வேண்டும்; பக்கவிளைவு தாங்க முடியாதவருக்கு இடைவெளி விட்டுக் கொடுப்பதும் உண்டு, ஆனால் அது பி.எஸ்.ஏ.யைப் பார்த்துக்கொண்டே வைத்தியர் செய்வது. உங்கள் அப்பாவுக்கு எது பொருந்தும் என்பது தெரியாவிட்டால், அடுத்த கிளினிக்கில் "இந்த ஊசி எதுவரை?" என்று கேட்டு, பதிலைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.